எதிர்வெளிச்சத்தில் ஒரு முகத்தை அளப்பது

என் நெகட்டிவ் கோப்பில் அடுத்தடுத்து இரண்டு படங்கள் இருக்கின்றன. இரண்டிலும் என் அக்கா சன்னலுக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இரண்டும் ஐஎஸ்ஓ 400 (பிலிம் ஒளியை உணரும் வேகம்) கறுப்பு வெள்ளைச் சுருளில், ஒரு நிமிட இடைவெளியில் எடுக்கப்பட்டவை. முதல் நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சன்னல் கம்பிகளையும் அவற்றுக்கு அப்பால் உள்ள மரக்கிளைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அக்காவின் முகம் இருக்க வேண்டிய இடத்திலோ வெறும் பிலிம்தான் இருக்கிறது. இரண்டாவதில் சன்னல் ஏறக்குறைய முழுக் கறுப்பாக அடர்ந்துவிட்டது. ஆனால் கன்னத்தின் வளைவும், கண்ணுக்குக் கீழே உள்ள மெல்லிய நிழலும், மூக்குக் கண்ணாடியின் விளிம்பும் தனித்தனியாகப் பதிந்திருக்கின்றன.

முதல் படத்தை 1/250 நொடியிலும் எஃப் 4 அப்பர்ச்சரிலும் (லென்ஸின் ஒளித்துளை; எண் சிறிதானால் துளை பெரிது) எடுத்தேன். இரண்டாவதை 1/30 நொடியிலும் எஃப் 2.8-இலும் எடுத்தேன். இடைவெளி நான்கு ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. முதல் அளவு, நான் அமர்ந்திருந்த இடத்திலிருந்து கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் காட்டியது. இரண்டாவது, எழுந்து சென்று அக்காவின் முகத்தருகே கேமராவைப் பிடித்து அளந்தது. ஒரே அறையில், ஒரே மீட்டர் இப்படி இரண்டு விடைகள் தந்ததற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகளும் கணிசமான சுருள்களும் தேவைப்பட்டன. எதிர்வெளிச்சத்தில், அதாவது வெளிச்சம் பொருளுக்குப் பின்னாலிருந்து வரும்போது, மீட்டர் பிழை செய்வதில்லை. நாம் கேட்காமல் விட்ட கேள்வியை அதனால் ஊகிக்க முடிவதில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், பொருள்களிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. அந்த ஒளி வெள்ளைச் சுவரிலிருந்து வருகிறதா, கரிய கம்பளியிலிருந்து வருகிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே தன் பார்வைக்குள் விழும் எல்லாவற்றையும் கலந்து, அந்தக் கலவை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகப் பதிவதற்கு எவ்வளவு எக்ஸ்போஷர் (பிலிமில் விழ வேண்டிய ஒளி) வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. கடைகளில் கிடைக்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டை ஏறத்தாழ அந்தச் சாம்பலைத்தான் குறிக்கிறது. வெளிச்சம் நமக்குப் பின்னாலிருந்து பொருளின் மேல் விழும்போது வானம், தரை, ஆடை, முகம் எல்லாம் கலந்து இந்த நடுத்தரத்துக்கு அருகில் வந்து நிற்பதால், மீட்டர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே அமைகிறது. வெளிச்சம் பொருளுக்குப் பின்னால் போய்விட்டால் அந்தக் கலவை குலைந்துவிடுகிறது.

இதை எண்களில் பார்ப்பது எனக்கு மிகவும் உதவியது. நிழலில் இருக்கும் முகத்திலிருந்து வரும் ஒளியை 1 என்று வைத்துக்கொள்வோம். பின்னால் உள்ள வானம் அதைவிட மூன்று ஸ்டாப் கூடுதல் என்றால் அதன் அளவு 8, ஏனெனில் ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரட்டிப்பாக்குகிறது. படச் சட்டத்தில் பாதி வானமும் பாதி நிழலும் இருந்தால் சராசரி 4.5. அது முகத்தைவிட இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று மேல்; ஆகவே மீட்டரின் சொற்படி எடுத்த படத்தில் முகம் இரண்டு ஸ்டாப் குறைவாகப் பதியும். வானம் கால் பங்கு மட்டுமே என்றால் சராசரி 2.75, குறைவு ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப். வானம் முக்கால் பங்கு என்றால் சராசரி 6.25, குறைவு இரண்டரை ஸ்டாப்பைத் தாண்டிவிடும். முகமும் மாறவில்லை, அதன்மேல் விழும் ஒளியும் மாறவில்லை. நான் கேமராவைச் சற்று மேலே தூக்கியதற்கும் கீழே இறக்கியதற்கும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வேறுபாடு வந்துவிட்டது. வானத்தின் பங்கு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சராசரியை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வலிமையைப் பாருங்கள்.

கேமரா செய்தவர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். 1966-இல் வந்த மினோல்டா எஸ்ஆர்டி 101 கேமராவில் இரண்டு ஒளியுணர் கலங்களை வைத்து, மேலே உள்ள வானம் கீழே உள்ள பொருளை விழுங்கிவிடாமல் சமன்செய்ய முயன்றார்கள். நிக்கான் எஃப்எம்2 போன்றவை மையத்துக்கு 60 சதவீத மதிப்பும் ஓரங்களுக்கு 40 சதவீத மதிப்பும் கொடுத்தன. நிக்கான் எஃப்3 கேமரா அதை 80-க்கு 20 என்று இறுக்கியது. 1976-இல் வெளிவந்த கேனான் ஏஇ-1 கேமராவில் எதிர்வெளிச்சத்துக்கென்றே ஒரு பொத்தான் உண்டு; அதை அழுத்தினால் ஒன்றரை ஸ்டாப் கூடும். மேலே போட்ட கணக்கில் வானம் கால் பங்காக இருக்கும்போது வந்த அதே ஒன்றரை. சட்டத்தில் வானம் அதற்கு மேல் போனால் அந்தப் பொத்தான் போதாது; குறைந்தால் சற்று அதிகம். 1983-இல் நிக்கான் எஃப்ஏ சட்டத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து அளந்து, அவற்றின் வேறுபாட்டிலிருந்து எதிர்வெளிச்சத்தை ஊகிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ஒலிம்பஸ் ஓஎம்-4 நேர் எதிரான வழியில் சென்றது: ஊகிக்கும் பொறுப்பைப் படம் எடுப்பவரிடமே விட்டு, எட்டுப் புள்ளிகள் வரை தனித்தனியாக அளந்து சேர்க்கும் வசதியைக் கையில் கொடுத்தது. என் மனம் இரண்டாவது வழியின் பக்கம்தான் சாய்கிறது. ஐந்து பகுதிகளோ ஐம்பது பகுதிகளோ, அந்த முகம் முகமாகத் தெரிய வேண்டும் என்று நான் விரும்புகிறேனா, கரிய உருவமாகத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேனா என்பதை எந்தக் கேமராவும் அறியாது.

குறைவாகப் பதிந்த முகத்தை அச்சிடும்போதோ ஸ்கேன் செய்யும்போதோ சரிசெய்துகொள்ளலாமே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது; முதல் நெகட்டிவோடு இருட்டறையில் ஒரு மாலை முழுவதும் போராடியும் பார்த்தேன். நெகட்டிவ் பிலிம் ஒளிக்கு நேர்க்கோட்டில் விடையளிப்பதில்லை. ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1890-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து நாம் அறிந்த, ஒளிக்கும் பிலிமின் அடர்த்திக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வளைகோட்டின் கீழ்ப்பகுதி தட்டையாகத் தொடங்கி, பிறகுதான் மேலேறுகிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமின் ஐஎஸ்ஓ வேகத்தை நிர்ணயிக்கும் புள்ளியே, மீட்டர் குறிவைக்கும் நடுத்தரச் சாம்பலுக்கு மூன்று ஸ்டாப்புக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழேதான் இருக்கிறது. அந்தப் புள்ளியில் பிலிமின் இயல்பான மங்கலைவிட நூலளவு மட்டுமே கூடுதலான அடர்த்தி உண்டாகும். முகம் மூன்று ஸ்டாப் குறைந்தால் கன்னம் அந்த விளிம்பில் வந்து நிற்கும். கண்குழியும் தலைமுடியும் கழுத்தின் நிழலும் அதற்கும் கீழே விழுந்துவிடும். அங்கே பிலிமில் எதுவும் எழுதப்படவே இல்லை. என் அக்காவின் படத்தில் குறைவு நான்கு ஸ்டாப். அச்சுத்தாளில் எந்தக் கிரேடு (தாள் தரும் கறுப்பு வெள்ளை வேறுபாட்டின் அளவு) மாற்றினாலும், எவ்வளவு நேரம் கையால் மறைத்து வெளிச்சம் குறைத்தாலும் கிடைத்தது ஒரு சேற்றுச் சாம்பல் மட்டுமே. எழுதப்படாததை அச்சில் வாசிக்க முடியாது.

வளைகோட்டின் மேல்பகுதியோ நெடுந்தூரம் செல்கிறது. கோடக் டிரை-எக்ஸ், இல்ஃபோர்டு எச்பி5 போன்ற பிலிம்களிலும், போர்ட்ரா 400 போன்ற வண்ண நெகட்டிவ்களிலும் இரண்டு மூன்று ஸ்டாப் மிகுதியான எக்ஸ்போஷரை முகம் தாங்கிக்கொள்ளும். ஆகவே நெகட்டிவில் எதிர்வெளிச்சப் படம் எடுக்கும்போது ஐயம் வந்தால் நான் எப்போதும் கூடுதலான பக்கமே சாய்கிறேன். அரை ஸ்டாப் கூடினால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அரை ஸ்டாப் குறைந்தால் அந்தப் படத்தைத் தொடர்ந்து நினைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அளக்கும் வழிகளுக்கு வருகிறேன். மிக எளியதும் நான் அதிகம் நம்புவதும், கேமராவோடு நடந்து சென்று முகம் சட்டம் முழுவதும் நிறையும்படி பிடித்து அளந்து, மேனுவல் முறையில் அந்த அளவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வருவதுதான். திரும்பி வந்தபின் மீட்டரின் முள் எங்கே துள்ளினாலும் அதைப் பொருட்படுத்தக் கூடாது. எதிர்வெளிச்சத்தில் அது துள்ளத்தான் செய்யும். இந்த எளிய வழியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. முகத்துக்கு அருகில் செல்லும்போது பின்னால் ஒளிரும் தலைமுடியின் ஓரமோ, காதுக்கும் தோளுக்கும் இடையே எட்டிப் பார்க்கும் வானமோ சட்டத்துக்குள் வந்துவிட்டால் அளவு மீண்டும் ஏறிவிடும். அருகில் போனதும் லென்ஸைத் திருப்பிக் குவியத்தைச் சரிசெய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. அளப்பதற்குக் குவியம் தேவையில்லை. 50 மிமீ லென்ஸை அதன் மிக அருகிய தூரமான 45 சென்டிமீட்டருக்குத் திருப்பினால் லென்ஸ் வெளியே நீள்வதாலேயே பிலிமுக்கு வரும் ஒளி அரை ஸ்டாப்புக்கு அருகில் குறைகிறது. லென்ஸ் வழியாக அளக்கும் மீட்டர் அந்தக் குறைவையும் சேர்த்துச் சொல்லிவிடும். படம் எடுக்கப்போகும் தூரத்திலேயே வளையத்தை விட்டுவிட்டு அளப்பது நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முகத்துக்கு மிக அருகில் நிற்கும்போது நம் சட்டையும் அந்த ஒளியில் பங்கு பெறுகிறது. வெள்ளைச் சட்டை முகத்தின் மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும், கரிய சட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். அளந்துவிட்டு மூன்று மீட்டர் பின்வாங்கியதும் அந்த ஒளி இருக்காது. வெள்ளைச் சட்டை அணிந்திருக்கும் நாள்களில் நான் கால் ஸ்டாப் கூடுதலாகவே வைக்கிறேன்.

ஒருவரின் முகத்தருகே கேமராவைக் கொண்டுபோவது எப்போதும் இயலாது. இயன்றாலும் அவருடைய முகத்தில் இருந்த இயல்பு அதற்குள் போய்விடும். அப்போது என் உள்ளங்கையை அளக்கிறேன். கையை நீட்டி, உள்ளங்கை கேமராவைப் பார்க்கும்படி, அதாவது கதிரவனுக்கு முதுகு காட்டும்படி நிமிர்த்திப் பிடித்து, அது சட்டத்தை நிறைக்குமாறு அளந்து, வந்த அளவைவிட ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்வேன். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளுப்பானது. மீட்டர் அதைச் சாம்பலாக்க முயன்று ஒரு ஸ்டாப் குறைத்துச் சொல்வதால் அந்தக் குறைவைத் திருப்பித் தருகிறோம். கையும் முகமும் ஒரே ஒளியில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முகம் மரநிழலிலும் என் கை திறந்தவெளியிலும் இருந்தால் அந்த அளவுக்குப் பொருளில்லை. கையை வானத்தை நோக்கிச் சாய்த்துவிடாமல் இருப்பதிலும் கவனம் வேண்டும். சிறு சாய்வே அரை ஸ்டாப்பை மாற்றிவிடும். சாம்பல் அட்டைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உள்ளங்கையை நான் விரும்புவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. முகத்தை அளந்தால் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும் என்று பல பழைய கையேடுகள் பொதுவிதியாகச் சொல்கின்றன. வெளிர் நிறத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. என் வீட்டாரின் தோல் நடுத்தரச் சாம்பலுக்கு இணையாகவோ அதைவிட அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் கருமையாகவோ இருப்பது. அந்த விதியை அவர்கள் முகத்தில் பின்பற்றினால் தோலின் இயல்பான நிறம் அச்சில் வெளிறிப்போகும். கரிய தோலை மீட்டர் சொன்னபடியே பதித்தால் அதுவே உண்மையைவிடச் சற்று வெளுப்பாகப் பதியும். எதிர்வெளிச்சத்தில் அந்தச் சிறு கூடுதல் நிழல்களுக்கு நன்மை செய்வதால் நான் அதைக் குறைப்பதில்லை, கூட்டுவதும் இல்லை. உள்ளங்கைகளின் நிறம் மனிதருக்கு மனிதர் முகங்களின் அளவுக்கு வேறுபடுவதில்லை. ஆகவே யாரைப் படம் எடுத்தாலும் என் கையே எனக்கு மாறாத அளவுகோலாக இருக்கிறது. ஒரு முறை சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டு உங்கள் கையின் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டால் போதும்.

புகைப்படக் கலைஞர்களான அன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த, ஒவ்வொரு பகுதியும் எந்தச் சாம்பலில் பதிய வேண்டும் என்று முன்பே தீர்மானிக்கும் மண்டல முறையின் சாரமும் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை ஒரு கன்னத்தின் மேல் வைத்தால் அது அந்தக் கன்னத்தை நடுத்தரச் சாம்பலாக்கும் அளவைச் சொல்லும். அதுவே அந்தக் கன்னம் அமைய வேண்டிய இடமா என்று தீர்மானிப்பவர் அளப்பவர். நிழலில் அமர்ந்திருப்பவரின் முகம் நிழலில் இருப்பதாகவே தெரிய வேண்டும் என்பது என் விருப்பம். நேர்வெளிச்சத்தில் இருப்பதுபோல அதை வெளுக்க வைத்தால் பின்னாலிருந்து வரும் ஒளியின் அழகே அழிந்துவிடும். ஆகவே ஒரு ஸ்பாட் மீட்டர் கையில் இருக்கும்போது முகத்தின் வெளிச்சமான பக்கத்தை அளந்து, அதை நடுத்தரத்திலேயோ அரை ஸ்டாப் கீழேயோ வைத்து, பிறகு கண்குழியையோ முடியின் இருண்ட பகுதியையோ அளந்து, அது அந்த மூன்று ஸ்டாப் எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். நிற்கவில்லை என்றால்தான் முகத்தை மேலே தூக்குவேன்.

விழும் ஒளியை அளக்கும் மீட்டர், அதாவது வெள்ளைக் குமிழ் வைத்தது, இந்தச் சிக்கலின் பெரும்பகுதியைத் தொடாமலே தாண்டிவிடுகிறது. முகத்தருகே நின்று குமிழைக் கேமராவை நோக்கித் திருப்பினால், பின்னால் வானம் எரிந்தாலும் அதற்குத் தெரியாது. முகத்தின் மேல் விழும் ஒளி மட்டுமே கணக்கில் வரும், தோலின் நிறமும் குறுக்கே வராது. கதிரவன் உச்சிக்கு அருகில் இருக்கும்போது அதன் ஒளி குமிழின் மேல்முனையைத் தொட்டுவிடும். முகத்தையும் அந்த ஒளி தொடுகிறதா என்று பார்த்து, தொடவில்லை என்றால் மறுகையால் குமிழுக்கு நிழல் கொடுக்க வேண்டும். ஆனால் ஒளி ஊடுருவும் பொருள்களிடம் இந்த மீட்டர் தோற்றுவிடுகிறது. கதிரவனுக்கு எதிரே ஒளிரும் இளந்தளிர், மெல்லிய திரைச்சீலை, புகை ஆகியவற்றுக்கு முன்பக்கம் விழும் ஒளியை அளந்து பயனில்லை, ஏனெனில் அவை பின்பக்கத்து ஒளியை உள்வாங்கித் தாமே விளக்காகிவிடுகின்றன. ஓர் இலையை அப்படி எடுக்கும்போது அந்த இலையையே அருகில் சென்று அளந்து, ஒளிர்வது ஒளிர்வதாகவே தெரியும்பொருட்டு ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

மீட்டரே இல்லாத நிலைக்கும் ஒரு வழி இருக்கிறது. தெளிந்த வெயிலில் எஃப் 16-உம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நிகரான ஷட்டர் வேகமும் என்பது பலரும் அறிந்த விதி. எதிர்வெளிச்சத்தில் அருகிலிருக்கும் ஒருவரை எடுக்க அதிலிருந்து இரண்டு ஸ்டாப் திறந்து எஃப் 8-க்கு வர வேண்டும் என்று பிலிம் பெட்டிகளுடன் வந்த குறிப்புத்தாள்கள் சொல்லின. முகத்துக்கு எதிரே மணலோ வெளிர்ச் சுவரோ இருந்து ஒளியைத் திருப்பி அனுப்பினால் அந்த இரண்டு ஸ்டாப் சரியாக இருக்கும். எதிரே புல்வெளியோ கரும்பாறையோ இருந்தால் மூன்று ஸ்டாப் திறந்து எஃப் 5.6-க்குப் போகிறேன். முகத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பது, அதாவது என் முதுகுக்குப் பின்னால் பார்ப்பது, எதிர்வெளிச்சத்தில் மிக முக்கியமான பழக்கம் என்பேன். அந்த முகத்துக்கு ஒளி தருவது அதுதான்.

மீட்டர் சொல்வதைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் இழப்பீட்டு வளையம் இல்லாத தானியங்கிக் கேமராக்களில் ஐஎஸ்ஓ வளையத்தை 400-லிருந்து 100-க்கு மாற்றினால் இரண்டு ஸ்டாப் கூடும். நான் ஒரு முறை அப்படி மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறந்து, சுருளின் மீதிப் படங்கள் அனைத்தையும் இரண்டு ஸ்டாப் மிகுதியாக எடுத்தேன். வண்ண நெகட்டிவ் என்பதால் எல்லாம் பிழைத்தன. அதே தவறை, நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே பதியும் ஸ்லைடு பிலிமில் செய்திருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

ஸ்லைடில் எதிர்வெளிச்சம் வேறு கணக்கு. அங்கே அரை ஸ்டாப் தவறே கண்ணில் படும். வெளுத்துப்போன இடம் வெறும் கண்ணாடியாகிவிடும். முகத்துக்கும் பின்னணிக்கும் மூன்று ஸ்டாப் இடைவெளி இருக்கும்போது இரண்டையும் ஸ்லைடில் காப்பாற்ற நினைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு வெள்ளை அட்டையால் முகத்துக்கு ஒளி தருவேன், அல்லது முகத்தை விட்டுவிட்டுக் கரிய உருவமாகவே எடுப்பேன். கரிய உருவப் படத்துக்குக் கதிரவனைச் சட்டத்திலிருந்து விலக்கி, அதற்குப் பக்கத்து வானத்தை அளந்து அப்படியே வைத்தால் போதும். கரிய உருவம் என்பதும் ஒரு தீர்மானமாக இருக்க வேண்டும். மீட்டரை அப்படியே நம்பியதால் தற்செயலாகக் கிடைத்த கருமுகத்தைக் கரிய உருவப் படம் என்று பெயரிட்டுக்கொள்வதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அவற்றில் உருவத்தின் எல்லைக்கோடு பெரும்பாலும் படத்தைத் தாங்கும் அளவுக்குத் தெளிவாக இருப்பதில்லை.

அளவு சரியாக இருந்தும் படத்தைக் கெடுக்கக்கூடியது லென்ஸுக்குள் சிதறும் ஒளி. கதிரவன் சட்டத்துக்குச் சற்று வெளியே நின்று லென்ஸின் முகப்பில் விழும்போது, உள்ளே உள்ள கண்ணாடிகளுக்கிடையே சிதறி ஒரு பால்திரைபோலப் படம் முழுவதும் படர்கிறது. லென்ஸ் வழியாக அளக்கும் மீட்டர் அந்தத் திரையையும் முகத்தின் ஒளி என்று எண்ணிக்கொள்வதால், முகத்தை மட்டுமே அளந்தாலும் அளவு குறைந்துதான் வரும். ஆகவே அளக்கும்போதும் எடுக்கும்போதும் லென்ஸுக்கு நிழல் வேண்டும். லென்ஸின் முகப்பில் மாட்டும் நிழல்மறைப்பான ஹுட் போதாதபோது இடக்கையைச் சட்டத்துக்கு வெளியே நீட்டி, லென்ஸின் முகப்புக் கண்ணாடியில் வெயில் படாதவாறு பிடிக்கிறேன். லென்ஸ் வழியாகவே காட்சியைக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராவில் நாம் முழுத் துளையில் பார்க்கிறோம்; எஃப் 8-இல் சிதறல் எப்படி மாறும் என்பதை முன்பார்வைப் பொத்தானை அழுத்தினால்தான் அறிய முடியும். லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரத்தின் வழியாகப் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் சிதறல் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கதிரவனைப் படம் எடுக்கப்படுபவரின் தலைக்குப் பின்னால் மறையும்படி ஓரடி நகர்ந்து நிற்பதுதான் அங்கே பாதுகாப்பான வழி. நீள லென்ஸ் மாட்டிய எஸ்எல்ஆர் வழியாகக் கதிரவனை நேராகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு என்பதையும், துணித்திரை ஷட்டர் கொண்ட ரேஞ்ச்ஃபைண்டரின் லென்ஸை மூடாமல் கதிரவனை நோக்கி விட்டுவைத்தால் திரையில் ஓட்டை விழும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

பின்னணியை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. வெளியில் நிழலிலுள்ள முகத்துக்கும் வெயிலிலுள்ள தரைக்கும் மூன்று ஸ்டாப் இடைவெளிதான். முகத்துக்கு எக்ஸ்போஷர் கொடுத்தால் பின்னணி நெகட்டிவில் அடர்த்தியாகப் பதிந்தாலும் விவரங்கள் இருக்கும், அச்சில் அந்தப் பகுதிக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்து வெளிக்கொணரலாம். கறுப்பு வெள்ளைச் சுருள் முழுவதும் இத்தகைய படங்களே என்றால் டெவலப் செய்யும் நேரத்தை ஏறத்தாழ 20 சதவீதம் குறைத்து உச்ச ஒளிகளை அடக்குகிறேன். நிழல்கள் அதனால் சிறிதளவே பாதிக்கப்படும், முகத்துக்கு அரை ஸ்டாப் கூட்டியிருந்தால் அதுவும் ஈடாகிவிடும். வண்ணத்தில் டெவலப் நேரம் மாறாதது என்பதால் இந்த வசதி இல்லை.

வீட்டுக்குள் இடைவெளி வேறு. மேகமூட்டமான நாளிலேயே அறைக்குள் இருக்கும் முகத்துக்கும் சன்னலுக்கு வெளியே உள்ள காட்சிக்கும் ஏழு ஸ்டாப் வரை வேறுபாடு வரலாம். வெயில் நாளில் ஒன்பது. அதை அச்சில் இணக்க முடியாது. மெல்லிய திரையை இழுத்துவிட்டால் ஒன்றிரண்டு ஸ்டாப் குறையும், அந்தத் திரை மென்மையான வெள்ளைப் பரப்பாக நின்று முகத்தைச் சூழ்ந்துகொள்ளும். இல்லையென்றால் நாற்காலியைச் சற்றுத் திருப்பி, சன்னல் ஒளி ஒரு கன்னத்தில் சாய்வாகப் படும்படி செய்யலாம்; அப்போது அது முழு எதிர்வெளிச்சமாக இருக்காது.

அக்காவின் இரண்டாவது படத்தில் நான் எதையும் மாற்றவில்லை. திரை இல்லை, நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. மரக்கிளைகள் அச்சில் எங்குமே இல்லை; சன்னல் தாளின் வெண்மையாகவே நிற்கிறது, கம்பிகளின் ஓரங்களை ஒளி அரித்து மெலிதாக்கிவிட்டது. முகத்தின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட அரை ஸ்டாப் வெளுப்பு, அங்கே ஓர் அலமாரியின் வெள்ளைக் கதவு திறந்திருந்ததால். அச்சிடும்போது எந்தப் பகுதியையும் மறைக்கவோ கூட்டவோ தேவைப்படவில்லை. இரண்டாம் கிரேடு தாளில், 14 நொடியில், நேராக வந்தது.